வேடியப்பன் குடியிருந்த சமுதாயக் கூடம்

1

நான் இப்போது இருக்கிற ஊர், இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வரைபடத்தில் தேடினாலும் அகப்படாத ஒரு கிராமம். பக்கத்து நகரத்துத் தொழிற்சாலையில் என் மகனுக்கு எஞ்சினியர் வேலை. மனைவி போன பிறகு, தருமபுரியில் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று என்னை இங்கே அழைத்துக்கொண்டான். இது எனக்கு நான்காவது குளிர்காலம். ஒவ்வொரு குளிர்காலமும் முந்தினதைவிட மோசம் என்று சொன்னால், மகன் வெப்பமானிக் கணக்கைக் காட்டி இல்லை என்கிறான். என் எலும்பு அந்தக் கணக்கைப் படிக்கவில்லை.

இந்த ஊரிலும் ஒரு பொதுக் கூடம் இருக்கிறது. ஆறு ஜன்னல், அவற்றில் இரண்டு திறப்பதில்லை. மடக்கு நாற்காலிகள் எண்பது என்று சுவரில் அட்டை தொங்குகிறது. நான் எண்ணிப் பார்த்தேன், எழுபத்து மூன்றுதான். கூடத்துக் கமிட்டி அம்மாளிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னார். ஏழு நாற்காலிகள் காணாமல் போனதற்கு நன்றி சொல்கிற ஊரில் என்ன பேசுவது?

போன சனிக்கிழமை அந்தக் கூடத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. ஊரைச் சுற்றியுள்ள பழைய இடங்களைப் பற்றியது: பழைய தேவாலயம், ஒரு கல்பாலம், கோட்டை இருந்ததாகச் சொல்லப்படும் ஒரு மண்மேடு. என் பேத்தி ஷீலாவின் வகுப்புப் பிள்ளைகளும் அதில் பங்கெடுத்தார்கள். ஷீலாவுக்குப் பத்து வயது. நாய்க்கு "வாங்க" சொல்வாள், எனக்கு "வா" சொல்வாள். திருத்தினால் இரண்டும் ஒன்றுதானே என்கிறாள்.

"தாத்தா, நீ வா. என்னோடது பாரு," என்று கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

தேவாலயத் தரையில் பதித்த பித்தளைத் தகட்டில் பழைய போர்வீரர்களின் உருவம் இருக்கிறதாம். அதன்மேல் காகிதத்தை வைத்துக் கறுப்பு மெழுகுக் கட்டியால் தேய்த்தால் உருவம் அப்படியே காகிதத்தில் ஏறிவிடும். இப்போது இங்கே எல்லோருக்கும் இதுதான் பொழுதுபோக்கு. ஷீலா தேய்த்த காகிதம் என் உயரம் இருந்தது. இடுப்பில் வாள், கால்மாட்டில் ஒரு நாய், மூடாத கண்கள். நான்கு குண்டூசிகளில் சுவரில் நின்றுகொண்டிருந்தான், கரிய ஆள்.

எனக்குத் தெரியாமலே என் கால்கள் ஷூவை விட்டு வெளியே வந்துவிட்டன. ஜில்லென்ற பலகைத் தரையில் காலுறையோடு நின்றேன். பக்கத்திலிருந்தவர்கள் என் காலைப் பார்த்தார்கள். பிறகு நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார்கள். மகன் வேகமாக வந்து, "அப்பா, ஷூவைப் போடுங்க. எல்லாரும் பாக்கறாங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

ஏன் கழற்றினேன் என்று ஷீலா கேட்டாள். அவளுடைய தமிழுக்குள்ளும் என்னுடைய ஆங்கிலத்துக்குள்ளும் அடங்குகிற பதில் என்னிடம் இல்லை. இந்தக் குறிப்புகளைப் படிக்கிற உங்களுக்கு அது விளங்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர் நடுப்பாறை. இண்டூரிலிருந்து மேற்கே மண்சாலையில் வர வேண்டும். ஊருக்குப் பின்னால் ஒரு கரடு. அதன்மேல் பழங்காலத்துக் கல்லறைகள் நிறைய உண்டு. நான்கு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி மேலே ஒரு கல் மூடியவை. குள்ளர் வீடு என்போம். முழுதாக நிற்பவை முப்பத்தொன்று, சரிந்தவை பதினான்கு. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் எண்ண வைத்தவன் நான்தான். கரட்டின் அடியில் இடிந்த மண்கோட்டைச் சுவர். கிழக்கே வயலுக்கு அப்பால் வேடியப்பன் தோப்பு. அங்கே புங்கமரத்தடியில் மூன்று நடுகற்கள். நடுவிலிருப்பதுதான் வேடியப்பன். எத்தனையோ தலைமுறை எண்ணெயும் மஞ்சளும் விளக்குக் கரியும் ஏறி ஏறி, அதில் என்ன செதுக்கியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கன்னங்கரேலென்று பளபளக்கும் ஒரு கல். அவ்வளவுதான்.

தருமபுரி தனி மாவட்டமான சமயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு சமுதாயக் கூடம் கிடைத்தது. பாதி சர்க்கார் பொறுப்பு, பாதி ஊர்ப் பொறுப்பு. ஊர்க்காரர்கள் மாட்டுவண்டி கொடுத்தார்கள். காலனிக்காரர்கள் கரட்டிலிருந்து கல் உடைத்துச் சுமந்தார்கள். நான்கு ஜன்னல், ஒரு வாசல், ஓட்டுக் கூரை, உள்ளே பஞ்சாயத்து ரேடியோ. வெளிச் சுவரில் 'அனைவருக்கும் பொது' என்று நீல எழுத்து. சாயங்காலம் ரேடியோ பாடும்போது ஊர்க்காரர்கள் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். நான்கு ஜன்னல்களிலும் வெளியிலிருந்து காலனிக்காரர்களின் தலைகள் தெரியும். யாரும் யாரையும் உள்ளே வராதே என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே ஏற்படாதபடி எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சாவி என்னிடம் இருந்தது. நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியன், அதோடு வேதக்காரன். ஊரில் எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒன்பது. எங்களுக்கு நிலம் உண்டு, ஆனால் கோயில் மரியாதையில் பங்கு இல்லை. அதனால் எந்தப் பங்காளிக்கும் என்மேல் பொறாமை இல்லை. சாவியை வைத்திருக்கத் தகுதி அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம், காலனியிலிருந்து காளி என் வீட்டுக்கு வந்தார். வேடியப்பன் பூசைக்குப் பறை அடிக்கிற குடும்பத்துக்குத் தலைவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். வாய்த்துடுக்கு மட்டும் யாருக்கும் இளையதில்லை.

"கூடம் எல்லாருக்கும்னு செவுத்துல எளுதியிருக்குதுங்களே சார். அது மெய்தானுங்களா, இல்ல மிஞ்சிப்போன பெயிண்டுல எளுதுனதா?"

"மெய்தான் காளி."

"அப்பன்னா வைகாசியில எம்பொண்ணு செல்லி கல்யாணத்துக்குக் கூடம் வேணுங்க. மாப்பிள்ள தொப்பூரு. லாரி ஓட்டறான். அவங்கப்பன் சொல்லிட்டான், கூடத்துலன்னா லாரி நெறைய ஆளோட வர்றோம், தெருவுலன்னா நாலு பேருதான்னு."

காலனிக் கல்யாணம் அதுவரை கூடத்தில் நடந்ததில்லை. ஊரில் முறுமுறுத்தார்கள். வேடியப்பன் பங்காளிகளில் மூத்தவர், பெரியவூட்டு முனுசாமி, கடைசியில் முடிவு சொன்னார்: "சர்க்காரு கூடம் வாத்தியாரே. வேணான்னு சொன்னா ஜீப்பு வந்து நிக்கும். நடக்கட்டும். எங்கள்ள ஒருத்தரும் அந்தப் பக்கம் வரமாட்டம், அவ்ளோதான்."

அதுவே பெரிய சம்மதம். காளி தருமபுரிக்குப் போய் மஞ்சள் பத்திரிகை அடித்துக்கொண்டு வந்தார். இடம் என்ற சொல்லுக்கு எதிரே, நடுப்பாறை சமுதாயக் கூடம் என்று அச்சில் இருந்தது. எனக்கு வைத்தது நூற்றில் முதல் பத்திரிகை என்றார். அதை எல்லோரிடமும் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

3

சித்திரையில் கல்வெட்டு ஆராய்கிற ஒரு அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட இளைஞர், கூட இரண்டு உதவியாட்கள். குள்ளர் வீடுகளை அளந்தார்கள், கோட்டைச் சுவரை வரைந்தார்கள். தங்க இடமில்லாததால் கூடத்தைத் திறந்துவிட்டேன்.

வேடியப்பன் கல்லைப் படியெடுக்க வேண்டும் என்று முனுசாமியிடம் கேட்டார்கள். தங்கள் சாமியைத் தேடிச் சர்க்கார் வந்ததில் அவருக்குப் பெருமை. சரி என்றார்.

நாரும் தண்ணீரும் வைத்துக் கல்லைத் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்கத் தலைமுறைக் கறுப்பெல்லாம் கரைந்து ஓடியது. சாம்பல் நிறத்தில், தோலுரித்த மாதிரி, வெற்றுக் கல் வெளிப்பட்டது. அதில் ஒரு வீரன் இருந்தான். இடது கையில் வில், வலது கையில் குறுவாள், மார்பில் தைத்த அம்புகள் மூன்று, பின்னால் மாடுகள் நான்கு. தலைக்கு மேலே எழுத்து. மாடு மீட்கப்போய் மாண்டவன் என்று அதிகாரி படித்துச் சொன்னார். பிறகு நனைத்த காகிதத்தைக் கல்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களில் இறக்கி, மையைத் துணிப் பந்தில் தொட்டு ஒற்றினார்கள். உரித்து எடுத்தபோது காகிதம் முழுக்கக் கறுப்பு. நடுவில் வெள்ளையாய் வீரன்.

அப்படி மூன்று கற்களையும் படியெடுத்தார்கள். பெரியதைக் காய வைக்க, கூடத்துக்குள் ரேடியோவுக்கு மேலே கிழக்குச் சுவரில் குண்டூசி குத்தி மாட்டினார்கள்.

மறுநாள் காலையில் அவர்களுக்கு மோர் கொண்டுவந்த முனுசாமியின் மனைவி ராசம்மா, வாசலைத் தாண்டியதும் செம்பைக் கீழே வைத்துவிட்டு நெடுஞ்சாண் கிடையாக விழுந்தார். எழுந்தபோது அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது.

"கல்லு வெளுத்துப்போச்சு, காயிதம் கறுத்துப்போச்சு. சாமி எங்க இருக்குதுன்னு இதுக்கு மேல எவன் வந்து சொல்லணும்?"

அரைமணியில் கூடம் நிரம்பிவிட்டது. தேங்காய் உடைத்தார்கள். கர்ப்பூரத்தைக் காகிதத்துக்குப் பக்கத்தில் காட்டியபோது அதிகாரிக்கு உயிரே போய்விட்டது.

"ஐயா, இது வெறும் மை. கரியும் பசையும் கலந்த மை."

முனுசாமி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "எங்க சாமியும் எண்ணெயும் கரியுந்தானுங்க. எங்களுக்குத் தெரியாதா? அதுல வந்து ஒக்காந்திருக்கறது யாருன்னுதான் கேள்வி."

"இது அரசாங்கச் சொத்து!"

"சாமியே உங்களுதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் காகிதத்தை எடுக்க விடவில்லை. அதிகாரி மற்ற இரண்டு படிகளோடு பஸ் ஏறினார்.

அன்றிலிருந்து கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றினோம். நானும் கழற்றினேன். எல்லோரும் வெறுங்காலோடு நிற்கும்போது ஒருவன் மட்டும் செருப்போடு நிற்க முடியாது. ரேடியோ முனுசாமி வீட்டுக்குப் போனது. பூசைக்கென்று இரண்டு சாவிகளில் ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். ஜன்னல்களில் தலைகள் தெரியக்கூடாது என்று நான்கையும் சாத்தினார்கள்.

ஒரு வாரம் கழித்து முனுசாமி என்னிடம் வந்தார். "காளி பொண்ணு கல்யாணத்த அவங்க தெருவுலயே வச்சுக்கச் சொல்லுங்க வாத்தியாரே. நான் ஒண்ணும் சூது பண்ணல. சாமி இருக்கற எடத்துல அவங்க எப்டிங்க நொழையறது? உங்களுக்கே தெரியும்."

அவர் சொன்னது உண்மை, சூது பண்ணவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம். சூது பண்ணுகிறவனோடு வாதாடலாம். கும்பிடுகிறவனோடு என்ன செய்வது?

காளியிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்: "எங்க தெருவுக்கு வாடான்னா இத்தன வருசமா வராத சாமி, நாங்க கல்லு சொமந்து கட்டுன வூட்டுக்குள்ள மட்டும் தானா நடந்து வந்துருச்சுங்களா?"

4

வருடத்துக்கு ஒருமுறை நான் உயிரோடிருக்கிறேன் என்று இங்கிருந்து சான்று அனுப்ப வேண்டும். அப்போதுதான் பென்ஷன் வரும். இந்த ஊர்த் தபால்நிலையக்காரரிடம் கையெழுத்துக் கேட்டேன். இவர் உயிரோடிருக்கிறார் என்று எழுத எனக்கு அதிகாரம் இல்லை, டாக்டரிடம் போங்கள் என்றார். டாக்டர், இது மருத்துவ விஷயமல்ல, வக்கீலிடம் போங்கள் என்றார். வக்கீல் அதற்குக் கட்டணம் கேட்டார். மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மாதிரி மூன்று கதவுகளை நான் முன்பே தட்டியிருக்கிறேன்.

கூடத்துக்காக மனு எழுதினேன். ஊராட்சி சம்பந்தப்பட்ட அலுவலகத்தில், கூடம் பொதுவானதுதான், ஆனால் உள்ளே சாமி இருப்பதால் இது மத விஷயம், கோயில்களைக் கவனிக்கிறவர்களிடம் போங்கள் என்றார்கள். அங்கே போனால், காகிதத்தைக் கோயிலாக எடுத்துக்கொள்ள விதியில்லை, காகிதம் யாருடையதோ அவர்களைக் கேளுங்கள் என்றார்கள். காகிதத்துக்கு உரிய அலுவலகத்திலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. படியை மடிக்காமல், உருட்டி, ஈரம் படாமல் பதிவுத் தபாலில் அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்த் தபால்பெட்டி வாயில் வேடியப்பன் நுழைய மாட்டான். கல்யாணத்துக்குத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் எனக்கு உதவியது கரையான். காகிதத்தின் கீழ் மூலையில் ஒரு கை அகலம் அரித்துவிட்டது. வீரனுடைய கால்விரல்கள் போய்விட்டன. முனுசாமி ஆடிப்போனார்.

"மழ வந்தா ஓடு ஒழுவும் வாத்தியாரே. காயிதத்துல எத்தன நாளைக்கு ஒக்காந்திருக்கும்? ஆடிப் பூசைக்குள்ள கல்லுக்கே எறக்கிடணும்."

எப்படி என்று பங்காளிகள் கூடிப் பேசினார்கள். கல்லுக்குப் பழையபடி எண்ணெயும் மஞ்சளும் பூசுவது. காகிதத்தை எரித்து, அந்தச் சாம்பலை எண்ணெயில் குழைத்துக் கல்லில் அப்புவது. அதோடு சாமி இறங்கிவிடும். ஒன்று மட்டும் வேண்டும். பறை. பறை இல்லாமல் வேடியப்பன் எங்கிருந்தும் எங்கும் நகர்வதில்லை.

அந்தப் பறைக்கு ஒரு கட்டு உண்டு. தோப்பைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்து எல்லை போடுவார்கள். பறை தொடங்கியபின், அது நிற்கும்வரை உள்ளே இருப்பவர் யாரும் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சாமி அவன் பின்னாலேயே போய்விடும். சாமி இறங்கிவிட்டது என்று அடிக்கிறவனுக்குத் தெரியும்போது அவனே நிறுத்துவான். நிறுத்து என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை, முனுசாமிக்கும்கூட.

5

முனுசாமி காளியை வரச்சொல்லிக் கூடத்து முன்னால் நின்று கேட்டார். நானும் இருந்தேன்.

"டேய் காளி, சாமிய கல்லுக்கு எறக்கணும். உங்காளுங்களுக்கு என்னிக்குடா தோது?"

"வைகாசி மூணாவது புதங்கெழமைங்க பெரியவரே."

முனுசாமி யோசித்தார். "அன்னிக்குத்தான உம்பொண்ணு கல்யாணம்னு பத்திரிக அடிச்ச?"

"கூடந்தான் இல்லன்னு ஆயிப்போச்சே. அப்புறம் என்னாங்க பத்திரிக, பத்திரிக போட்ட கல்யாணம். காலைல சாமி வேலைய முடிப்போம். மத்ததப் பொறவு பாத்துக்கறன்."

"இப்பத்தான்டா உனக்கு நல்ல புத்தி வந்துருக்குது," என்று முனுசாமி மனசாரச் சொன்னார். "ஊரு முச்சூடும் வரும். கொழந்த குட்டிகூட வூட்ல தங்காது."

"அதாங்க வேணும்," என்றார் காளி.

அன்று பிற்பகல் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சாமி கெளம்பிப் போயிருச்சுன்னா அது கூடமா கோயிலா சார்?"

"கூடம்தான்."

"ஒரு சாவி உங்ககிட்ட இருக்குது."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பறை நிற்கும்வரை ஊரே தோப்பு எல்லைக்குள் நிற்கும், கூடம் காலியாக இருக்கும். நான் தைரியசாலி இல்லை. பின்னால் வரப்போகிற ஒவ்வொன்றையும் வரிசையாக எண்ணினேன். காலனிக்காரர்களுக்கு வேலை நின்றுபோகும். எங்கள் ஒன்பது வீடுகளுக்குப் பால் வராது, உழ மாடு வராது. அடிதடி ஆனால் யார் தடுப்பார்கள்? எல்லாவற்றையும் சொன்னேன்.

"எல்லாம் மெய்தானுங்க. தெருவுல கல்யாணம் வச்சா மட்டும் அடுத்த வருசம் எங்கள ராசாவாக்கிடுவாங்களா?"

"காளி, நீ தோப்பில் நின்றால் பெண்ணுக்கு யார் நிற்பது?"

"தாய்மாமன் நிப்பான்."

"உன் பெண் கல்யாணத்தை நீ பார்க்க மாட்டாயே அப்பா."

அவர் என் வாசற்படியைக் கால் விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தார். "நான் பாக்கறதா, அது நடக்கறதான்னு கேட்டா, நடக்கணுங்க சார். ரெண்டும் வேணும்னா எனக்கு ரெண்டு ஒடம்பு வேணும்."

என் மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "சாவி ஆணியிலதான் தொங்குது," என்றாள் சமையலறையிலிருந்து. "எடுத்துக் குடுங்க, இல்ல குடுக்கமாட்டன்னு சொல்லுங்க. பாவம், அந்த மனுசன நிக்க வச்சு லெக்சர் அடிக்காதீங்க."

நானே திறந்துவிடுகிறேன் என்றேன்.

"முன் வாசலுங்க," என்றார் காளி.

கூடத்துக்கு வேறு வாசல் கிடையாது. ஆனாலும் அவர் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

6

அந்தப் புதன்கிழமை காலையில் ஊரே தோப்புக்குப் போனது. காகிதத்தைச் சுவரிலிருந்து எடுத்துப் பித்தளைத் தட்டில் வைத்து முனுசாமி தலையில் சுமந்தார். முன்னால் பறை, மொத்தம் ஐந்து பேர், நடுவில் காளி. தெருவில் நான் எண்ணிய அளவில் மிஞ்சியவை மூன்று நாய்களும், நடக்க முடியாத ஒரு கிழவரும்தான். எங்கள் வேதக்கார வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பறை தொடங்கிய சிறிது நேரத்தில் மேற்குப் பக்கமாகத் தொப்பூர் லாரி வந்து நின்றது. பாடியில் அறுபது பேருக்குமேல் இருப்பார்கள். நான் பூட்டைத் திறந்தேன். காலனிப் பெண்கள் பூசைக் குப்பையைக் கூட்டித் தள்ளினார்கள், நான்கு ஜன்னல்களையும் திறந்தார்கள். செல்லி முன் வாசல் வழியாக வந்தாள். வாசற்படியில் கொஞ்சம் தயங்கினாள். "நட புள்ள," என்று தாய்மாமன் முதுகில் லேசாகத் தட்டினான்.

கூடத்தில் மேளம் இல்லை. அடிக்கிறவர்கள் ஐந்து பேரும் தோப்பில். மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்து, "மேளம் இல்லாத கல்யாணமாங்க?" என்று முகம் சுளித்தார்.

"கேளுங்க," என்றான் தாய்மாமன்.

வயலைத் தாண்டிப் பறைச் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்தச் சத்தத்தில்தான் தாலி ஏறியது.

தோப்பில் நடந்ததைப் பிறகு பலர் சொல்லித் தெரிந்துகொண்டேன். காகிதத்தை எரித்துச் சாம்பலைக் கல்லில் அப்பியாயிற்று. பறை நிற்கவில்லை. வெயில் ஏறியது. குழந்தைகள் தண்ணீர் கேட்டு அழுதன. கூட அடித்த நான்கு பேரும் ஒவ்வொருவராகக் கை ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். காளி மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னுமாடா எறங்கல?" என்று முனுசாமி கத்தியிருக்கிறார்.

"வந்துகிட்டு இருக்குதுங்க. பாதி வழியில நின்னுட்டுது."

அப்போதுதான் மேற்கே லாரி ஹாரன் கேட்டது. பெண்ணை ஏற்றிக்கொண்டு கிளம்புகிற ஹாரன். முனுசாமி தலையைத் திருப்பிக் கூடம் இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு காளியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். கை ஓங்கினாராம். ஆனாலும் மஞ்சள் தண்ணீர் எல்லையை அவர் தாண்டவில்லை. பறை நின்றபின்தான் தாண்டினார்.

7

இங்கே கூடத்துக் கமிட்டி அம்மாள், அடுத்த மாதம் எங்கள் ஊர்க் கூடத்தைப் பற்றியும் அதைச் சுற்றியுள்ள பழைய இடங்களைப் பற்றியும் பத்து நிமிடம் பேச முடியுமா என்று கேட்டிருக்கிறார். முடியாது என்று சொல்லப்போகிறேன். மகனுக்கு வருத்தம். இப்படி ஒதுங்கியே இருந்தால் இந்த ஊரில் எப்படி ஒட்டுவீர்கள் என்கிறான். எனக்குப் பயம் வேறு. இதைச் சொன்னால் இந்த நல்ல மனிதர்கள் கடைசியில் கைதட்டிவிடுவார்கள். கைதட்டுகிற விஷயமாக அது முடியவில்லை.

அந்தப் போகம் முழுக்கக் காலனியிலிருந்து யாரையும் அறுப்புக்குக் கூப்பிடவில்லை. கேழ்வரகு அறுக்கச் சித்தேரிப் பக்கத்திலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். காலனியில் ஏழு குடும்பங்கள் பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டன. நான் புறப்படும்வரை திரும்பவில்லை. என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். சாமி இருந்த இடத்தைக் கழுவிச் சாந்தி செய்ய வேண்டும் என்று கூடத்தைப் பூட்டினார்கள். அதற்குப் பணம் யார் தருவது என்று பங்காளிகளுக்குள் தகராறு. அதனால் ஊர்க்காரர்களுக்கும் கூடம் இல்லாமல் போயிற்று. அதன் முன் வாசல் வழியாக நுழைந்து நடந்த கடைசிக் கல்யாணம் செல்லியுடையதுதான். நாங்கள் செய்தது சரியா என்று இன்னும் கணக்குப் போடுகிறேன். இரண்டு பக்கமும் கூட்டினால் ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறது.

அன்று சாயங்காலம், யார் எப்போது அடிக்க வருவார்களோ என்று நான் கூடத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. காளி மட்டும் வந்தார். தோளில் பறை இல்லை. இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் பிளந்து துணி சுற்றியிருந்தது. மகள் தொப்பூர் போய்ச் சேர்ந்திருப்பாள்.

வாசலில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தார். நான் நகர்ந்து வழிவிட்டேன். உள்ளே போனார். இரைந்துகிடந்த பூக்களை மிதிக்காமல் சுற்றி நடந்தார்.

"எங்க ஒக்கார வச்சாங்க சார்?"

காட்டினேன். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாலி ஏர்றப்ப தல குனிஞ்சிருந்தாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லை காளி. சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்."

துணி சுற்றிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குனிஞ்சிரும்மான்னு சொல்லி அனுப்பிச்சனுங்க," என்றார். "மாப்பிள்ள வூட்டுக்காரங்க பாப்பாங்க, நிமுந்து எங்கயும் பாக்காதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே."